பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

நவம்பர் 11, திங்கள்

வெள்ளிக்கிழமை வரை தினமும் பார்த்துப் பழகிய ஆளை, திங்கட்கிழமை காலையில் ஒரு கணினி யாரென்றே தெரியாது என்று ஏன் சொல்கிறது? மாலை ஆறு மணி வரை தேடியும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

காலை ஒன்பதுக்கு நான் போனபோதே மாடிப்படியில் நான்கு பேர் காத்திருந்தார்கள். அலுவலகத்தில் இருபத்திரண்டு கணினிகள். பதினேழு, கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துகின்றன. மீதி ஐந்து உள்ளே விடுகின்றன, ஆனால் பொது டிரைவைத் திறக்க மாட்டேன் என்கின்றன. எந்தத் துணிக்கு எந்தச் சாயம், எந்த லாரிக்கு எந்தச் சீட்டு, எல்லாம் அந்த டிரைவில்தான் இருக்கிறது. பெருந்துறைப் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறை நின்றுபோவதற்குச் சாயம் தீர வேண்டியதில்லை, இது போதும்.

டிரைவ் இருப்பது மாடிப்படிக்கு அடியில் உள்ள லினக்ஸ் சர்வரில். கோப்புகளை வைத்திருப்பதும் அதுதான், அலுவலகத்தில் யார் யார் என்று விண்டோஸ் கணினிகளுக்குச் சாட்சி சொல்வதும் அதுதான். இரண்டு வேலையையும் ஒரே பெட்டிக்குக் கொடுத்தது ஆறு வருடத்துக்கு முன் நான். டெஸ்பாட்ச் கணினியில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது: டொமைனுக்கும் இந்தக் கணினிக்கும் இடையிலான நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது. இதை எழுதியவருக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும்.

கேபிள்களைப் பார்த்தேன். ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். எந்தக் கணினியிலிருந்து சர்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வருகிறது. டிஸ்கில் இடம் இருக்கிறது. ஒன்றும் பிடிபடவில்லை.

டெஸ்பாட்ச் மேசையில் இருப்பவள் ருக்மணி, நாச்சிமுத்துவின் மனைவி. செய்தியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"என்னையும் நிறுத்திப்போட்டீங்களா மேடம்?"

"இல்ல ருக்மணி. எல்லாருக்கும் இப்படித்தான் ஆயிருக்கு."

"நெசமாலும் எல்லாருக்குந்தானுங்களே?"

பக்கத்து மேசைக் கணினியைக் காட்டினேன். அப்படியும் நம்பிய மாதிரித் தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை நாச்சிமுத்துவின் கணினிக் கணக்கை நிறுத்தியது நான்தான். மேனேஜர் தேவசிகாமணி சொன்னார், செய்தேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை இன்னும் இங்கே எழுதவில்லை. கழிவுநீர்த் தொட்டியில் பம்ப் அடைத்துக்கொண்டது. அதை எடுக்க இறங்கிய சுரேந்திர மாஜி மேலே வரவில்லை. அண்ணனைத் தூக்க இறங்கிய தீபக் மாஜியும் வரவில்லை. இருவரும் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். மூன்றாவதாக இறங்கப் போன சூப்பர்வைசர் நாச்சிமுத்துவை நான்கு பேர் சேர்ந்து பிடித்து இழுத்தார்கள். சனிக்கிழமை காலையில் போலீஸ் அவரை அழைத்துப் போனது. விஷவாயுச் சோதனை எதுவும் இல்லாமல் ஆட்களை இறக்கினார் என்று வழக்கு.

வருகைப் பதிவிலிருந்து அந்த இரண்டு பெயர்களையும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். இன்று நேரம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலையிலும் ஒருமுறை கணினிகள் இப்படி அடம்பிடித்தன. சர்வருக்குள் இருக்கும் சின்னப் பேட்டரியை மாற்றினேன், சரியாயிற்று. இந்த முறை அதுவாக இருக்காது.

நவம்பர் 12, செவ்வாய்

சரியாகிவிட்டது. காரணம் நேரம்.

விண்டோஸ் கணினியும் சர்வரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள இரண்டின் கடிகாரமும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால், யாரோ பழைய சீட்டைத் திருடிக்கொண்டு வருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். நேற்று நேரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

சர்வர் பத்து நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அது இணையத்திலிருந்து தானாக நேரம் எடுத்துக்கொள்ளும். யாரோ அதை நிறுத்திவிட்டுக் கையால் நேரம் வைத்திருக்கிறார்கள். படிக்கு அடியிலிருந்து எட்டி ஹாலின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரம் காட்டின.

அந்தக் கடிகாரம் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடும். முதலாளியின் அப்பா வைத்த ஏற்பாடு, ஆட்கள் தாமதிக்கக் கூடாது என்று. பத்து நிமிடத்தைக் கழித்துப் பார்க்க எல்லாருக்கும் தெரியும் என்பதால் இன்றுவரை யாரும் சீக்கிரம் வந்ததில்லை. அதற்குப் பேட்டரி மாற்றுகிறவர்கூட மறுபடியும் பத்து நிமிடம் தள்ளித்தான் வைப்பார்.

நேரத்தைத் திருத்தினேன். ஒரு நிமிடத்தில் கணினிகள் ஒவ்வொன்றாக உள்ளே விட ஆரம்பித்தன. ருக்மணி திரும்பி என்னைப் பார்த்தாள்.

தேவசிகாமணி வந்தார். "என்னாச்சுங்க மேடம்?"

"நேரம் மாறியிருந்துச்சுங்க."

"பேட்டரிங்களா?"

"பாக்கணுங்க."

"பேட்டரியாத்தான் இருக்குமுங்க. நோட்டுல அப்படியே எழுதிருங்க, ஜூலைல எழுதுன மாதிரி."

பராமரிப்பு நோட்டில் தேதியை மட்டும் எழுதினேன். பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

நவம்பர் 13, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சர்வரின் லாக் படித்தேன். நடக்கும் ஒவ்வொரு காரியத்துக்கும் அது ஒரு வரி எழுதும், ஒன்றன் கீழ் ஒன்றாக. வரியில் இருக்கும் தேதி தப்பாக இருக்கலாம். வரிசை மாறாது.

நவம்பர் 10 ஞாயிறு, மதியம் 3.38 என்று ஒரு வரி. அதற்கு நேர் கீழே அக்டோபர் 28, காலை 10.05. அங்கிருந்து முப்பத்தேழு நிமிடத்துக்கு அக்டோபர் 28 ஆகவே ஓடியிருக்கிறது. பிறகு மறுபடி நவம்பர் 10, மாலை 4.25. உண்மையில் அப்போது 4.15 தான் ஆகியிருக்க வேண்டும். திரும்ப வைத்தவர் சுவரைப் பார்த்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்குத் தொடங்கும். அவர் கணக்குப்படி ஐந்து நிமிடம் மிச்சம் வைத்து வேலையை முடித்துவிட்டார்.

அந்த முப்பத்தேழு நிமிடத்தில் ஒரே ஒரு கோப்பு பிறந்திருக்கிறது, சர்வரிலிருந்தே, தேவசிகாமணியின் கணக்கில். பெயர்: தொட்டி சுற்றறிக்கை. வாயு மானியால் சோதிக்காமல், எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல், இன்று முதல் யாரையும் கழிவுநீர்த் தொட்டியில் இறக்கக் கூடாது. இது சூப்பர்வைசர் நாச்சிமுத்துவுக்கு நேரில் அறிவிக்கப்பட்டது. தேதி, அக்டோபர் 28.

அறிவிப்புப் பலகையில் அதே தாள் குத்தியிருக்கிறது. சுற்றிலும் உள்ள தாள்களெல்லாம் சாய ஆவியில் பழுப்பேறியிருக்கின்றன. இது வெள்ளையாக இருக்கிறது. பிரதி ஒன்று போலீசுக்கும் போய்விட்டதாம். அந்தத் தாள் உண்மையென்று ஆகிவிட்டால் நாச்சிமுத்து ஜெயிலில்தான் இருப்பார்.

நவம்பர் 14, வியாழன்

காலையில் சிலிண்டர் வந்தது. ஸ்கூட்டரின் பின் டயருக்குக் காற்றடித்தேன்.

பதினொரு மணிக்குத் தேவசிகாமணி தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அவர் இங்கே சேர்ந்து இருபத்திரண்டு வருடம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

"சனிக்கிழமையானா ஒரு டிஸ்க் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போவீங்களே மேடம், அது எங்கீங்க இருக்குது?"

"வீட்லதாங்க."

ஒவ்வொரு சனிக்கிழமையும் சர்வரில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு டிஸ்கில் பிரதி எடுத்துக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். அலுவலகத்தில் தீப்பிடித்தாலும் பிரதி தப்பிக்கும் என்பதற்காக. போன சனிக்கிழமை அவ்வளவு களேபரத்திலும் எடுத்தேன். பழக்கம்தான், வேறு காரணம் இல்லை. அந்த டிஸ்கில் அக்டோபர் மாதச் சுற்றறிக்கைகள் எல்லாம் இருக்கின்றன. தொட்டி சுற்றறிக்கை இல்லை.

"நாளைக்குக் கொண்டாந்துருங்க. வக்கீல் கேக்கறாருங்க."

"வக்கீலுக்கு டிஸ்க் எதுக்குங்க?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "மேடம், நானும் நாச்சிமுத்துவும் ஒரே ஊருங்க. ஒரே பள்ளிக்கூடம். எனக்கு மட்டும் சந்தோசமுங்களா? செத்தவிய திரும்பி வரப்போறதில்ல. இருக்கற முன்னூறு பேத்தப் பாக்கோணுமில்லீங்களா. பட்டறைக்குச் சீல் வெச்சுட்டா அத்தன குடும்பமும் எங்கீங்க போகும்? அவன வெளிய கொண்டாரதுக்கு மொதலாளி வேற வழி பண்ணுவாருங்க."

"அன்னைக்குத் தொட்டில இறங்கச் சொன்னது யாருங்க?"

"பம்ப் பத்து நிமிசத்துல ஓடோணும்னு நாஞ்சொன்னனுங்க. ஆள எறக்குன்னு சொல்லுலீங்க." பேனாவை மறுபடி மூடிவிட்டு, "பம்ப் ஓடோணும்னா வேற எப்படிங்க ஓடும்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

எழுந்து வந்தேன். கதவருகில் நிறுத்தினார்.

"மாடிப்படிக்கு அடில அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு காயிதம் ஒட்டியிருக்குதுங்க மேடம். உங்க கையெழுத்துத்தான். ஞாபகம் இருக்குங்களா?"

ஞாபகம் இருக்கிறது.

நவம்பர் 15, வெள்ளி

டிஸ்கை மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "மறக்கற ஆளுங்களா நீங்க?"

மதியம் ருக்மணி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இந்த வாரம் முழுக்க ஏன் வேலைக்கு வருகிறாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஊட்ல இருந்தா அக்கம்பக்கத்துல வந்து துக்கம் விசாரிக்கறாங்க மேடம். எங்கூட்டுக்காரரு செத்தா போயிட்டாரு?" மூடியைப் போட்டாள். "நேத்துப் பாத்துட்டு வந்தனுங்க. அப்படியொரு காயிதத்தக் கண்ணுலயே பாக்கலீன்னு சொல்றாரு. தெனமும் அந்தப் பலகை முன்னாடிதான் வெத்தல போட்டுட்டு நிப்பாரு. நானுந்தான் நிப்பேன். எனக்கும் தெரியாம எப்படிங்க ஒட்டுவாங்க? நாங்க ரண்டு பேருமா குருடு?"

டெஸ்பாட்ச் பிரிண்டரில் தாள் சிக்கியிருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த வாரம் எழுதியதைத் திருப்பிப் படித்தேன். செவ்வாய்க்கிழமை, "நேரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை" என்று இருக்கிறது. அது சரியல்ல. இப்படிக் கதவு சாத்தினால் முதலில் பார்க்க வேண்டியது நேரத்தைத்தான். நானே இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கே எனக்குத் தோன்றியது. பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் நாள் முழுக்கக் கேபிளைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் தேவசிகாமணி கேட்டார், கரண்ட் போய் வந்தால் சர்வர் தப்பு நேரம் காட்டுகிறதே, நீங்கள் இல்லாத நாளில் எப்படி மாற்றுவது என்று. கடவுச்சொல்லோடு எழுதிக் கொடுத்தேன். "பழைய தேதிக்கும் போகுங்களா?" என்றார். எந்தத் தேதிக்கும் போகும் என்றேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூலையில் கணினிகள் கதவைச் சாத்தின. அப்போதும் பத்து நிமிடம்தான். சர்வரின் நேரத்தைக் காக்கும் பேட்டரி தீர்ந்தால் அது பல வருடம் பின்னால் போகும், சுவரோடு ஒத்துப்போகாது. அப்போதும் லாக் படித்தேன். ஒரே மதியத்தில் ஆறு கோப்புகள், ஜனவரியிலிருந்து ஜூன் வரை மாதத்துக்கு ஒன்று: வாயு மானி சோதனைப் பதிவு. அடுத்த வாரம் ஏதோ அதிகாரிகள் வருவதாகப் பேச்சு இருந்தது. பெயரைப் பார்த்தேன், திறக்கவில்லை. புதுப் பேட்டரி வாங்கிப் போட்டு, "பேட்டரி பழுது, மாற்றப்பட்டது" என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கோப்புகளை இன்று திறந்தேன். ஆறு மாதமும் ஒரே எண்கள். சாயங்காலம் ஸ்டோருக்குப் போய் வாயு மானி எங்கே என்று கேட்டேன். ஸ்டோர்க்காரர் மேல்தட்டைக் காட்டினார். பெட்டியின் டேப் இன்னும் பிரிக்கப்படவில்லை.

கழற்றிய பேட்டரி என் இழுப்பறையில் கிடக்கிறது. மீட்டரில் வைத்து அளந்தேன். மூன்று வோல்ட், நல்ல பேட்டரி. ஜூலையிலும் அளந்திருந்தேன்.

நாளை பதினொரு மணிக்கு விசாரணைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். டிஸ்கைக் கொடுப்பேன். சனிக்கிழமை இல்லாத கோப்பு அக்டோபர் தேதியோடு இப்போது இருக்கிறது என்று காட்டுவேன். நாச்சிமுத்துவுக்கு அது போதும். ஜூலையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 16, சனி

நடந்தது இது.

ஆய்வாளருக்கு நாற்பது வயது இருக்கும். சளி பிடித்திருந்தது. ஹாலை ஒட்டிய மீட்டிங் அறையில் உட்கார்ந்தார். ஃபேன் வேண்டாம் என்றதால் கதவைத் திறந்து வைத்தார்கள். தேவசிகாமணி அவருக்குப் பக்கத்தில். டிஸ்கை என் மடிக்கணினியில் போட்டு, போன சனிக்கிழமைப் பிரதியையும் இன்றைய டிரைவையும் அருகருகே திறந்து காட்டினேன். லாக் வரிகளை அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது நேரம் இப்படி மாறியிருக்கா?"

நான் வாயைத் திறக்குமுன் தேவசிகாமணி பராமரிப்பு நோட்டை நீட்டினார். பக்கத்தைத் தயாராக மடித்து வைத்திருந்தார்.

"ஜூலைலயும் மாறுச்சுங்க சார். பேட்டரி கோளாறு. மேடமே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. பழைய பொட்டிங்க, அது காட்டற தேதிய எப்படிங்க நம்பறது?"

ஆய்வாளர் நோட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க கையெழுத்துத்தானா?"

"என்னோடதுதாங்க."

"அப்ப இந்த சர்வர் நேரத்தை நம்ப முடியாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

அந்த ஒரு வரியால் டிஸ்கும் லாகும் எதற்கும் உதவாமல் போகும் என்பது எனக்குப் புரிந்தது. தேவசிகாமணிக்கு அது ஜூலையிலேயே புரிந்திருக்குமோ என்று தெரியவில்லை.

"நான் எழுதினது பொய்ங்க" என்றேன்.

தேவசிகாமணி, "மேடம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

கைப்பையிலிருந்து பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தேன். பேட்டரி தீரவில்லை, தெரிந்தேதான் மாற்றினேன் என்றேன். ஜூன் மாதம் நேரம் மாற்றும் வழியை யாருக்கு எழுதிக் கொடுத்தேன், அந்தத் தாள் எங்கே ஒட்டியிருக்கிறது என்று சொன்னேன். ஆறு சோதனைப் பதிவுகளும் ஒரே மதியத்தில் செய்யப்பட்டவை என்றேன். வாயு மானி ஸ்டோரில் மேல்தட்டில் இருக்கிறது, டேப் பிரிக்கவில்லை என்றேன். ஆய்வாளர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது பலகையிலிருந்த வெள்ளைத் தாளையும் எடுத்து ஓர் உறையில் போட்டார்.

"இவ்வளவும் தெரிஞ்சும் ஜூலைல ஏங்க சொல்லல?"

"தெரியலைன்னு வெச்சுக்கிட்டேங்க."

அதை அப்படியே எழுதினார். உங்கள் மேலும் நடவடிக்கை வரும், தெரியும்தானே என்றார். தெரியும் என்றேன். வாக்குமூலத்தின் கீழே தேதி போட்டு, திறந்த கதவு வழியாக ஹால் சுவரை எட்டிப் பார்த்து 12.40 என்று எழுதினார்.

"அது பத்து நிமிசம் முந்தி ஓடுதுங்க."

தன் கைபேசியைப் பார்த்தார். 12.40ஐ அடித்து 12.30 என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

தன் அறிக்கை திங்கட்கிழமை போலீசுக்குப் போகும், ஜாமீன் மனு செவ்வாய்க்கிழமை வருகிறதாம், அதற்குள் கோர்ட்டுக்கும் தெரிந்துவிடும் என்றார். தேவசிகாமணி எழுந்து யாருக்கோ போன் செய்யப் போனார். என் கணக்கை நிறுத்த ஆள் தேடுகிறாராக இருக்கும். அது எப்படி என்று தெரிந்தவள் அங்கே நான் மட்டும்தான்.

வெளியே வந்தேன். டெஸ்பாட்ச் மேசை அந்தக் கதவிலிருந்து எட்டடி. ருக்மணி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"செவ்வாக்கிழமை வந்துருவாருங்களா?"

"வந்துருவார்னு நினைக்கிறேன்."

தலையை ஆட்டினாள். பிறகு, "அந்த அண்ணன் தம்பி ரண்டு பேரும் எங்க ஊட்ல தீபாவளிக்குச் சாப்புட்டாங்க மேடம்" என்றாள். "ஜூலைலயே உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும்."

கணினியை முறையாக அணைத்தாள். திரை கறுக்கும் வரை நின்று பார்த்தாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.

என் கையெழுத்துத் தாளையும் ஆய்வாளரிடம் கொடுத்துவிடலாம் என்று நான் படிக்கு அடியில் போய், அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தேன். அந்தத் தாள் இருந்த இடத்தில் நான்கு மூலையிலும் டேப் மட்டும் ஒட்டியிருந்தது.